மலையேறிய படகு இயந்திரம்

பீன்யாத் தொழிற்பேட்டையில் லேத்தின் முன் நிற்கும் நம்மவருள் கடலோர மாவட்டத்தாரும் உளர். படகு இயந்திரம் அவர்களுக்குப் பழகிய பொருள். அது மேட்டு நிலத்தில் ஏன் திணறுகிறது என்பதை இன்று காண்போம்.

கடலில்லாப் பெங்களூரில் படகுப் பேச்சா என்று நகைக்க வேண்டாம். பீன்யாவே கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே உள்ளது. காற்றழுத்தம் இங்கேயே பத்தில் ஒரு பங்கு குறைவு. உதகை ஏரி இருக்கும் 2,200 மீட்டரில் ஏறக்குறையக் கால் பங்கு குறைவு. துவரம்பருப்பு அங்கே எளிதில் வேகாததும் இதனாலேதான். லடாக்கின் பாங்காங் ஏரியோ 4,200 மீட்டருக்கும் மேலே. அங்கே நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்துவிடுகிறது.

காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் ஒன்றே. ஆனால் காற்று இலேசாகிவிடுவதால், சிலிண்டர் ஒருமுறை இழுக்கும் மூச்சில் அது குறைந்து போகிறது. பழைய கார்புரேட்டர் இதனை அறியாது. பெட்ரோலை வேண்டியதற்கு மேல் ஊற்றும். கரும்புகை எழும், பிளக்கில் கரி படியும். இயந்திரம் கெட்டதென்று கருதிப் பிரித்துப் போட்டு ரிங்கு மாற்றுவது வீண் செலவு. துளை சிறிதான மெயின் ஜெட்டைப் பொருத்தினாலே எரிதல் சீராகும்.

எனினும் இழந்த வலிமை அதனால் மீளாது. கடற்கரையில் 10 குதிரைத்திறன் தந்த இயந்திரம் உதகையில் ஏறத்தாழ 8 தான் தரும். கணிப்பொறி கொண்டு எரிபொருளை அளந்து விடும் புதிய இயந்திரங்களுக்கும் இவ்விதி பொருந்தும். ஆகவே ஒரு சுற்றில் குறைவான தூரமே தள்ளும் புரொப்பெல்லரை மாட்ட வேண்டும். இல்லையேல் இயந்திரம் தனக்குரிய வேகத்தை எட்டாமல் உழலும். டீசல் இயந்திரத்திற்கு டர்போ சார்ஜர் காற்றை அழுத்திப் புகட்டி, இழப்பைப் பெரிதும் ஈடுசெய்கிறது.

உயரமான ஏரிகளிலும் ரோந்து செல்வதற்கென 12 விரைவுப் படகுகளுக்கு நமது தரைப்படை 2021 ஜனவரியில் கோவா கப்பல் கட்டும் தளத்துடன் ஒப்பந்தம் செய்தது. குளிர்காலத்தில் உறைந்துபோகும் பாங்காங் போன்ற ஏரியின் நடுவே இயந்திரம் நின்றால் அது உயிர்ப் பிரச்சினை அன்றோ!

மேலே ஏறுகையில் நேர்வது வலிமைக் குறைவே. அதே சிறிய ஜெட்டுடன் கீழே இறங்கினால் பெட்ரோல் போதாமல் வெப்பம் மிகும். எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக் இயந்திரத்திற்கு எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கழற்றிய பழைய ஜெட்டை ஒரு துணியில் முடிந்து, இயந்திரத்தோடேயே கட்டி வைப்பது நலம்.