எழுத்துப் பிறக்கும் இடம்



கூட்டமாய்த் திருமுறை ஓதுங்கால் வாய்விட்டு ஓதாது உதட்டை மட்டும் அசைப்போர் சிலர் நம்முள் உளர். ழகரம் தம் நாவிற்கு வாராது, பிறர் நகைப்பர் என்பது அவர்தம் அச்சம். அவர்கள் பொருட்டே இன்று இதனைப் பேச எடுத்துக்கொண்டேன்.

எழுத்துகளின் பிறப்பைக் கூறுதற்கென்றே தொல்காப்பியர் பிறப்பியல் என ஓர் இயல் வகுத்தார். உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகும் என்பது அவர் கொள்கை. காற்று நுரையீரலினின்று வருவது என்பர் மருத்துவ நூலார். மூச்சை ஆளுங்கால் வயிறு அசைதல் கண்டு உந்தி என்றார் போலும்.

மிடற்றினுள் குரல்நாண்கள் இரண்டு உள. காற்று மோத அவை அதிர்வதே குரல். பேசுங்கால் ஆடவர்க்கு நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், பெண்டிர்க்கு ஏறத்தாழ 200 முறையும் அதிரும். 1854ஆம் ஆண்டில் சிறு கண்ணாடி கொண்டு தம் மிடற்றினுள் இவற்றைக் கண்டவர் மானுவேல் கார்சியா. அவர் மருத்துவர் அல்லர், பாட்டுக் கற்பித்த ஆசிரியர் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி!

மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு 'அம்மா' என்று அழைத்துப் பாருங்கள். 'அப்பா' என்பது போல் ஒலிக்கும். மெல்லினத்திற்கு மூக்கே இடம் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் கூறியதற்கு வேறு சான்று வேண்டா.

இனி ழகரத்திற்கு வருவோம். றகர னகரங்களுக்கு நாநுனி அண்ணத்தை ஒற்றும் என்ற தொல்காப்பியர், ழகரத்திற்கு நுனி மேல்நோக்கி வளைந்து வருடும் என்றார். ஒற்றுதல் வேறு, வருடுதல் வேறு. வளைந்த நுனி அண்ணத்தில் அழுந்திவிட்டால் காற்று நாவின் பக்கங்களால் வழிந்து ளகரமாகிவிடும். குழவி குளவியாகும், தாலாட்ட வந்தவர் ஓட நேரும்! நுனி அழுந்தாதிருப்பின் காற்று நடுவே செல்லும். அதுவே ழகரம்.

பிள்ளைகளைச் 'சரியாகச் சொல்' என்று அதட்டுவதால் நா வளையாது. நா நிற்க வேண்டிய இடத்தைக் காட்டுங்கள். 'அ' என நீள ஒலித்து, குரலை நிறுத்தாமலே நாநுனியைப் பின்னோக்கி வளைக்கச் சொல்லுங்கள். 'அழ்' என வந்து நிற்கும். பிறகு 'பழம்', அதன்பின் 'வாழை'. நாள்தோறும் சிறிது பழகுங்கள். பெரியவர்க்கும் முறை இதுவே. பழகியபின் உதட்டை மட்டும் அசைக்கும் அன்பர்கள் ஓதுவார் அருகிலேயே வந்து நில்லுங்கள்.