தீவனப்புல்லும் சாம்பல் சத்தும் உர மானியமும்



இக்கூட்டம் நடைபெறும் கிட்வாய் நகர், 1952 முதல் 1954இல் தம் மறைவு வரை ஒன்றிய உணவு, வேளாண் அமைச்சராக இருந்த ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கியது. அரசு ஊழியர் குடியிருப்பில் புல்லைப் பற்றி உரையா என்று சிலர் வியக்கலாம். பால் காய்ச்சும் எந்த வீடும் புல்லோடு தொடர்பற்றதன்று.

நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குகிறது. தீவனப்புல்லிலோ தண்டும் இலையும் முழுமையாக வயலை விட்டு வெளியேறுகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட கோ-4 கம்பு நேப்பியர் ஆண்டுக்கு ஏழு அறுப்புகளில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 400 டன் பசுந்தீவனம் தரவல்லது. அதற்கென 25 டன் தொழுவுரமும், அடியுரமாகத் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 150, 50, 40 கிலோவும் பரிந்துரைக்கப்படுகின்றன. நடைமுறையில் வயலுக்குச் சென்று சேர்வது பெரும்பாலும் யூரியா மட்டுமே.

யூரியா இட்ட புல் சில நாளில் கருகருவெனப் பசுமை கொள்கிறது. கண்ணுக்கு அது போதும். மற்ற சத்துகள் குன்றும்போது தூர்கள் ஆண்டுக்கு ஆண்டு மெலிகின்றன. கொடிய விளைவு வேறொன்று. மிகுதியாகத் தழைச்சத்து பெற்ற புல் வறட்சியில் வாடும்போது அதில் நைட்ரேட் தேங்குகிறது. மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கிறது. இரத்தம் பழுப்பேறிச் சில மணி நேரத்தில் மாடு மடிவதும் உண்டு. கடன் வாங்கி மாடு பிடித்த நிலமற்ற பெண்ணுக்கு அது ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி.

இதை உழவரின் அறியாமை என்று கூறிவிடுவது எளிது. 1992 ஆகஸ்டில் மணி, சாம்பல் சத்து உரங்களின் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது, யூரியாவுக்கு நீடித்தது. 1991-92இல் 5.9:2.4:1 என இருந்த தழை, மணி, சாம்பல் விகிதம் மறு ஆண்டே 9.5:3.2:1 ஆயிற்று. ஓராண்டில் உழவர் அறிவிழந்துவிட்டனரா? 2010இல் வந்த சத்து அடிப்படையிலான மானியமும் யூரியாவைத் தவிர்த்தே வகுக்கப்பட்டது. 45 கிலோ யூரியா மூட்டை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, 242 ரூபாய். பொட்டாஷுக்கோ நாடு இறக்குமதியையே நம்பியுள்ளது. 2023 காரிப் பருவத்தில் கிலோவுக்கு 15.91 ரூபாயாக இருந்த சாம்பல் சத்து மானியம் அடுத்த ராபியில் 2.38 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 60 விழுக்காடு சத்துள்ள 50 கிலோ மூட்டைக்குக் கணக்கிட்டால் 477 ரூபாய் 71 ஆகச் சுருங்கியது. உலகச் சந்தையில் விலை சரிந்தது என்பது அரசின் விளக்கம். சரிவு மெய்யே, விலை மீண்டும் ஏறும்போது அச்சுமை யார் தலையில் என்பதற்கு அதில் விடையில்லை.

யூரியா விலையை உயர்த்தினால் சமநிலை தானே வரும் என்று வாதிடும் பொருளியலாளர் உளர். அப்படி வருவது சமநிலையன்று, பட்டினி கிடக்கும் வயல். குறைய வேண்டியது மற்ற இரண்டின் விலை. வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோருக்கும் மண் பரிசோதனை அட்டை கிடைத்தாக வேண்டும். பட்டாதாரர் நகரத்தில் இருக்க, அட்டை அவர் பெயரில் உறங்குவதால் பயனில்லை.

லீபிக்கைப் பயின்ற மார்க்ஸ், மண்ணிலிருந்து நகரம் பெற்ற சத்து மண்ணுக்குத் திரும்பாத நிலையை 1867இல் மூலதனத்தின் முதல் தொகுதியில் ஆராய்ந்தார். அந்த முறிவைக் காணத் தில்லியை விட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. மாநகரின் ஒன்பது அங்கீகரிக்கப்பட்ட பால்பண்ணைக் குடியிருப்புகளில் காசிப்பூரும் பல்ஸ்வாவும் குப்பைமலைகளை ஒட்டியே கிடக்கின்றன. தில்லியில் பண்ணைச் சாணம் வடிகால் வழியே யமுனையில் கலக்கிறது. கிராமத்து வயலின் சத்து அந்த ஆற்றில் போகிறது. அதே வயலுக்குக் கடல்கடந்து பொட்டாஷ் வருகிறது.

மாடு வெளியேற்றும் சாம்பல் சத்தின் பெரும்பகுதி சாணத்தில் அன்று, சிறுநீரில்தான் உள்ளது. தொழுவத்திலிருந்து புல்வயலுக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் அது வீணாகாது. புல்லின் ஊடே வேலிமசால் வரிசையும் இருந்தால் தழைச்சத்தில் ஒரு பங்கை அப்பயிரே காற்றிலிருந்து ஈட்டித் தரும். மாட்டுக்குப் புரதமும் கூடும். இவ்விரண்டுக்கும் எந்த அமைச்சகத்தின் அறிவிப்பும் தேவையில்லை. மூட்டை விலைக்குத்தான் போராட்டம் தேவை.