முதலில் பல், பிறகு திருகு

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"இம்ப்ளான்ட் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் போன் செய்தார். ஜெயித்த கேஸ்களைப் படம் போட்டுக் காட்ட இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் தோற்ற கேஸ் ஒன்றைச் சொல்கிறேன். மாணவர்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

என் கிளினிக் கோபாலபுரத்தில். மியூசிக் அகாடமி நடந்து போகிற தூரம். அதனால் டிசம்பர் வந்தால் எனக்கும் சீசன்தான். பாடுகிறவர்கள், ஆடுகிறவர்கள் எல்லாம் பல்லைக் காட்டிவிட்டுத்தான் மேடை ஏறுவார்கள். அப்படி 1990களின் கடைசியில் ஒரு பாட்டு டீச்சர் வந்தார். மேல் முன்பல் ஒன்று வேரோடு உடைந்து, எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "கழற்றி மாட்டுகிற பல் வேண்டாம் டாக்டர், பாடும்போது பயமா இருக்கு" என்றார்.

எனக்கோ புதுசாக இம்ப்ளான்ட் பயிற்சி முடித்த உற்சாகம். ஸ்வீடனில் பிரோனமார்க், 1952-ல் முயல் எலும்பில் வைத்த டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொண்டதைக் கவனித்தார். 1965-ல் முதன்முதலாக மனிதத் தாடையில் வைத்தார். இந்தக் கதையெல்லாம் எனக்கு மனப்பாடம். திருகு எலும்போடு சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்றே நம்பினேன். எலும்பு எங்கே இருக்கிறதோ, எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ, அங்கேயே அந்தச் சாய்விலேயே வைத்தேன். எக்ஸ்-ரே பிரமாதம்! ஆறு மாதம் கழித்துப் பல்லையும் மாட்டினேன்.

ஒரு வருஷத்தில் உதட்டுப் பக்கத்து ஈறு இறங்கியது. இல்லை, மேலே ஏறியது. பக்கத்துப் பல்லைவிட இந்தப் பல் 2 மி.மீ. நீளம். விளிம்பில் சாம்பல் நிறமாக உலோகத்தின் நிழல். டீச்சர் வந்து, "டாக்டர், பல்லு ஆடலை. வலியும் இல்லை. ஆனா இது என் பல்லு இல்லை" என்றார். "ஸ, த, நி மூணும் சரியா விழலை. பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது புடவைத் தலைப்பால வாயை மூடிக்கிறேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

தப்பு எங்கே? மேல்தாடையின் முன் எலும்பு இயல்பாகவே உதட்டுப் பக்கம் சரிந்தது. பல் போனபின் அந்தப் பக்கத்து மெல்லிய எலும்பு சீக்கிரம் கரையும். முதல் ஓராண்டில் தாடை மேட்டின் அகலம் பாதிவரைகூடக் குறையலாம். மிச்சமிருந்த எலும்பின் சாய்விலேயே திருகை விட்டால் அதன் தலை உதட்டை நோக்கித்தான் வரும். அதன்மேல் இருந்த கொஞ்ச எலும்பும் போயிற்று. எலும்பு போன பின்னே ஈறும் போயிற்று. பல்லின் நுனியும் வெளியே தள்ளி நின்றது.

தொல்காப்பியம் பிறப்பியலில் த, ந பிறப்பது மேற்பல்லின் அடியில் நாக்கு படியும்போது என்றும், வ பிறப்பது பல்லும் உதடும் சேரும்போது என்றும் சொல்லியிருக்கிறது. தமிழ் வகுப்பில் படித்துவிட்டு மறந்துபோனோம். முன்பல் வைக்கிறவனுக்கு அதுவும் பாடப் புத்தகம்தான்.

டீச்சரின் திருகை எடுக்க முடியவில்லை. எலும்பு அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது. ஈறு ஒட்டவைத்து, வேறு பல் செய்து, பாதி சரிசெய்தேன். முழுசாகச் சரியாகவில்லை.

சில வருஷம் கழித்து அவரே தன் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வயது 15. மைதானத்தில் கிரிக்கெட் பந்து பட்டு முன்பல் தெறித்துவிட்டது. விழுந்த பல்லைப் பாலில் போட்டு உடனே கொண்டுவந்திருந்தால் திரும்ப வைத்துப் பார்த்திருக்கலாம். புழுதியில் பல் கிடைக்கவே இல்லை. டீச்சர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இவனுக்காவது பல்லைப் பார்த்து வையுங்க டாக்டர்."

முதலில் காத்திருக்கச் சொன்னேன். தாடை வளரும், பக்கத்துப் பற்கள் அதோடு இறங்கிவரும், இம்ப்ளான்ட் மட்டும் வைத்த இடத்திலேயே நின்று குட்டையாகிப் போகும். பையனுடைய அப்பாவுக்குக் கோபம். இருந்தாலும் 21 வயது வரை பக்கத்துப் பல்லில் ஒட்டிய தற்காலிகப் பல்லோடு ஓட்டினோம்.

பிறகு வேலையைத் தலைகீழாகத் தொடங்கினேன். மாதிரி எடுத்து, மெழுகில் பல் செய்தேன். அதன்படி ஒரு மாதிரிப் பல்லை வாயில் வைத்து, சிரிக்கச் சொன்னேன், "வா தம்பி, வந்து உட்கார்" என்று பேசச் சொன்னேன். பல்லின் இடம் தீர்மானமான பிறகுதான் அதே பல்லின் அச்சை வாயில் மாட்டி ஸ்கேன். உதட்டுப் பக்கம் எலும்பு போதவில்லை என்று தெரிந்தது. எலும்புத் தூள் வைத்து வளர்த்துக்கொண்டோம். திருகு எந்தப் பக்கமும் சாயாதபடி வழிகாட்டித் தகடு போட்டுத் துளைத்தேன்.

தம்பி தங்கைகளே, இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். திருகின் தலை, வரப்போகும் பல்லின் ஈறு விளிம்புக்கு ஏறக்குறைய 3 மி.மீ. உள்ளே. பக்கத்துப் பல் வேருக்கு 1.5 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி. இரண்டு திருகு பக்கத்தில் பக்கத்தில் என்றால் நடுவில் 3 மி.மீ. உதட்டுப் பக்கம் 2 மி.மீ. எலும்பு. எலும்பு சேர்ந்ததும் நேரே கடைசிப் பல்லுக்குப் போகாதீர்கள். தற்காலிகப் பல்லை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அதன் கழுத்தைத் திருத்தினால் ஈறு அந்த உருவத்துக்குப் படியும். பையனுக்கு அதற்கு மூன்று மாதம் ஆயிற்று.

கடிப்பும் முக்கியம். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி நார் இருக்கிறது. இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது. முறுக்கு கடித்தால் சொந்தப் பல் துளி அமுங்கும், இது அமுங்காது. ஆகவே மெதுவாகக் கடிக்கும்போது இது லேசாக ஒதுங்கியும், அழுத்திக் கடிக்கும்போது மற்றவற்றோடு சேர்ந்தும் இருக்கும்படி சரிசெய்யுங்கள். ராத்திரி பல் கடிக்கிறாரா, சிகரெட் உண்டா, சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதையெல்லாம் திருகை வைப்பதற்கு முன்பே கேளுங்கள். வைத்த பின் அல்ல.

வேலை முடிந்த அன்று டீச்சரும் கூட வந்திருந்தார். பையன் சிரித்தான். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, "எது டாக்டர் வச்சது?" என்றார். எனக்குக் கிடைத்த சர்டிபிகேட்டுகளில் அதுதான் பெரியது. ஆனால் அதைக் கொடுத்தவருக்கு அந்தப் பல்லை என்னால் கொடுக்க முடியவில்லையே என்ற குறை இன்றும் உண்டு.

எக்ஸ்-ரே நம்மைப் பாராட்டும். கண்ணாடி முன்னால் நிற்கப் போவது நோயாளி. திட்டம் போடும்போது அந்தக் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள்.