ஒரே மாத்திரை, வெவ்வேறு அளவு



மருந்தைக் கூட்டினால் குணமும் கூடும் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். மனச்சோர்வுக்குத் தரப்படும் நார்ட்ரிப்டிலின் என்ற பழைய மாத்திரை அந்தக் கணக்குக்குள் வராது. 1971இல் ஸ்வீடனில் மரீ ஆஸ்பெர்க் குழுவினர் நோயாளிகளின் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தார்கள். மிகக் குறைவாக இருந்தவர்களுக்குப் பலன் குறைவு. வியப்பு என்னவென்றால், மிக அதிகமாக இருந்தவர்களுக்கும் குறைவுதான்! பலன் தரும் அளவு மில்லிலிட்டருக்கு 50 முதல் 150 நானோகிராம் வரை என்பது இன்று டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு.

இந்த மாத்திரையைச் சாப்பிடும் எழுபத்தைந்து வயது அப்பா ஒருவர். "இன்னும் சோர்வாகவே இருக்கிறார்" என்கிறார் மகள். மாத்திரை கூட்டப்படுகிறது. அடுத்த வாரம் வாய் வறள்கிறது, மலச்சிக்கல், எழுந்தால் தலைசுற்றல், பேச்சில் தடுமாற்றம். வீட்டில் எல்லோரும் "வயசாயிடுச்சு" என்கிறார்கள். பாவம், வயதின் தலையில் எவ்வளவு பழிதான் போடுவது! அவர் இரத்தத்தில் மருந்து முன்பே எல்லை தாண்டியிருந்திருக்கலாம்.

ஒரே மாத்திரையை விழுங்கும் இருவருக்கு இரத்தத்தில் அளவு பல மடங்கு மாறலாம். கல்லீரலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். ஃப்ளூவாக்ஸெடின் போன்ற இன்னொரு மாத்திரையும் அந்த நொதியைத் தடுக்கும். முதுமையில் சிறுநீரகமும் தளர்ந்தால், மருந்து சிதைந்து உண்டாகும் பொருள் வெளியேறாமல் தேங்கி இதயத்தைத் தொந்தரவு செய்யக்கூடும். வழக்கமான பரிசோதனை அந்தப் பொருளைக் காட்டுவதில்லை. அதனால்தான் ஈசிஜியும் கேட்கிறார்கள்.

பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும் நேரம் முக்கியம். இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டவர் காலை ஒன்பது மணிக்குக் கொடுக்க வேண்டும், பன்னிரண்டு மணி நேர இடைவெளி. அளவு மாற்றினால் குறைந்தது ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்டுவதைவிட, எடுக்காமலே இருக்கலாம் என்பேன்.

இன்று பெரும்பாலோர் சாப்பிடுவது செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் வகை. இவற்றில் இரத்தத்திலுள்ள மருந்தின் அளவுக்கும் குணத்துக்கும் தொடர்பு அவ்வளவு தெளிவில்லை, எல்லோருக்கும் பார்ப்பதில்லை. முதியவர்களுக்கு இவற்றால் இரத்தத்தில் சோடியம் இறங்கலாம், அதுவும் பெரும்பாலும் முதல் சில வாரங்களில். சிறுநீரை அதிகம் போக வைக்கும் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடுதல். அதனால் டாக்டரைப் பார்க்கப் போகும்போது ரத்தக்கொதிப்பு மாத்திரை, வலி மாத்திரை, கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.