விசா ரத்தானால் செய்யத்தக்கது யாது?

(ஓசூரில் நமது சங்கத்தார் முன்னிலையில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கங்களில் நம்மவர் முன்னே கேழ்வரகும் மாவும் பயிரிட்டு வாழ்ந்தனர். சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின்னர் பலர் தொழிற்சாலைகளில் உத்தியோகம் பெற்றனர். இப்பொழுது அவர்தம் மக்கள் எல்லை கடந்து பெங்களூரில் என்ஜினீயரிங் கற்று, மேற்படிப்பிற்காக அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய தேசங்களுக்குச் செல்கின்றனர். இச்செலவிற்கு நிலத்தை ஈடு வைத்தோரும் நம்மில் உளர். ஆகவே விசா ரத்தாவது ஒரு மாணாக்கனுக்கு மட்டும் நேரும் கஷ்டமன்று. ஒரு குடும்பத்தையே கடனில் ஆழ்த்துவதாகும்.

முதற்கண் அறியவேண்டுவது, ரத்தானது எது என்பதே. அமெரிக்காவில் பாஸ்போர்ட்டில் ஒட்டப்பெற்ற விசா, அந்நாட்டு வாயிலில் பிரவேசம் கேட்பதற்குரிய சீட்டு. உள்ளே தங்கிப் படிக்கும் உரிமையோ வேறு. அந்நிய மாணாக்கருக்கென அங்குள்ள சர்க்கார் வைத்திருக்கும் ‘செவிஸ்’ என்னும் பதிவு அதனைக் காட்டுவது.

2025-ஆம் வருஷம் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் இத்தகைய பதிவுகள் 4,700-க்கு மேல் திடீரென நீக்கப்பட்டன. மாணாக்கர் பெயர்களைக் குற்றப் பதிவேட்டுடன் யந்திரத்தினால் ஒத்துப் பார்த்தே இவ்வாறு செய்தனர் என்பது பின்னர் நியாயஸ்தலத்தில் வெளியாயிற்று. வண்டியை வேகமாக ஓட்டியது போன்ற அற்ப விஷயங்களும், தள்ளுபடியான வழக்குகளும் அவற்றில் அடங்கியிருந்தன. அமெரிக்கக் குடியேற்ற வக்கீல்கள் சங்கத்தார் திரட்டிய 327 கேசுகளில் பாதி இந்தியருடையவை. சிலர் அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறினர். வேறு பலர் வழக்கிட்டுத் தற்காலிகத் தடையுத்தரவு பெற்றனர். ஏப்ரல் 25-ந் தேதி, பதிவுகளை மீண்டும் ஏற்படுத்துவதாகச் சர்க்கார் தரப்பார் ஒப்புக்கொண்டனர். வழக்கிட்டவரால் வழக்கிடாதவரும் பயனடைந்தனர்.

இங்கிலாந்திலும் 2014-இல் ஆங்கிலப் பரீட்சையில் ஆள்மாறாட்டம் நடந்ததென ஆயிரக்கணக்கான அந்நிய மாணாக்கரின் விசாக்கள் ரத்தாயின. குற்றம் செய்தோரும் அவருள் இருந்தனர். அப்பீலில் வென்றோரும் பலர்.

ஆயினும் ரத்துகள் யாவும் அநியாயமென்று எண்ணுதல் கூடாது. வகுப்புக்குச் செல்லாமை, சர்வகலாசாலைக்கு அறிவியாது படிப்பை விடுதல், அனுமதியின்றி வேலை செய்தல், தரகர் தயாரித்த பொய்யான பாங்குக் கணக்கைக் காட்டுதல் ஆகியவை தக்க காரணங்களே. அமெரிக்காவில் ஜாகை மாறினால் 10 நாட்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். படிப்பு முடிந்தபின் பெறும் பயிற்சிக் காலத்தில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருத்தலும் ஆகாது.

இனி, செய்யவேண்டுவன. வந்த கடிதத்தைத் தேதியுடன் பத்திரப்படுத்துக. அப்பீலுக்குரிய கெடு அத்தேதியினின்றே பெரும்பாலும் தொடங்கும். சர்வகலாசாலையின் அந்நிய மாணாக்கர் ஆபீசில், ரத்தானது விசாவா, பதிவா, எக்காரணத்தால் என்று எழுத்து மூலம் கேட்க. லைசென்சு பெற்ற குடியேற்ற வக்கீலைக் கலந்து பேசாமல் அவசரப்பட்டு நாட்டைவிட்டு வெளியேறுதல் கூடாது. மதிப்பெண், வருகைப் பதிவு, சம்பள ரசீது, வழக்குத் தள்ளுபடியான உத்தரவு இவற்றைத் திரட்டுக. மாணாக்கர் நிலையை இழந்தோர் அதனை மீண்டும் பெற, பொதுவாக 5 மாதங்களுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். பதிவு நீக்கத்தை நியாயஸ்தலத்தில் எதிர்க்கலாம். விசா ரத்தையோ அங்கே எதிர்ப்பது மிகவும் அரிது; பெரும்பாலும் புதிதாக விண்ணப்பித்தலே வழி.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வழங்கும் நம் எல்லைப்புறத்தில் ஒரே பெயர் பலவிதமாக எழுதப்படுகிறது. சர்டிபிகேட்டிலும் பாஸ்போர்ட்டிலும் அஃது ஒன்றாயிருக்கும்படி பிரயாணத்திற்கு முன்னரே திருத்திக்கொள்ளுங்கள். ஆபத்து வந்தபோது “பணம் கொடுத்தால் சரிசெய்வேன்” என்னும் தரகரை நம்பாமல், இந்திய சர்க்காரின் ‘மதத்’ இணையதளத்திலும் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலும் முறையிடுங்கள். விசா ரத்தானதை அவமானமாகக் கருதி எவரும் மறைத்தலாகாது. மறைத்திருக்கும் நாட்களில் கெடு கழிந்துபோகும். அத்தகைய செய்தி வந்த அன்றே நமது சங்கத்தாரிடம் தெரிவிக்குமாறு வேண்டி அமர்கின்றோம்.