ஓட்டுநர் இல்லா ரயிலும் நமது உழைப்பாளர்களும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வருங்காலத் தொழில்நுட்பம் என்றதும் நமது எண்ணம் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றுவிடுகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் 2017ஆம் ஆண்டிலேயே ‘முந்த்ரா’ என்னும் ஆளில்லா ஊர்தியை வெளிக்கொணர்ந்தது. உள்ளே ஒருவரும் அமராமல், தொலைவிலிருந்தே இயக்கிக் கண்காணிக்கவும் கண்ணிவெடிகளைக் கண்டறியவும் அது வடிவமைக்கப்பட்டது. பூந்தமல்லியிலோ, ஓட்டுநர் இன்றி இயங்கும் வகையில் உருவாக்கப்பட்ட மெட்ரோ ரயில் 2025 மார்ச் மாதம் முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டம் கண்டது. கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கும் சுமார் 26 கிலோமீட்டர் வழித்தடத்திற்கான ரயில் அது.

2015இல் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே சென்னையின் முதல் மெட்ரோ ஓடியபோது, முன்புறத்தில் ஓட்டுநர் இருந்தார். புதிய ரயிலில் அந்த வேலையைக் கணினி செய்கிறது. ரயில் தான் இருக்கும் இடத்தை ரேடியோ அலை வழியே இடைவிடாது அறிவிக்கிறது. முன்னே செல்லும் ரயிலுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டு வேகம் நிர்ணயிக்கப்படுகிறது.

அப்படியானால் மனிதனுக்கு வேலை இல்லையா? இருக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் கண்காணிப்பவர், சிக்னல் கருவிகளைச் சரிபார்ப்பவர், பணிமனையில் பெட்டிகளைப் பராமரிப்பவர் ஆகியோர் இன்றி அந்த ரயில் ஓர் அடியும் நகராது. ஆனால், பழைய வேலையை இழந்தவரே புதிய வேலையில் அமர்வார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நாம் சிந்திக்க வேண்டியது இதைத்தான்.

அம்பத்தூரை எடுத்துக்கொள்வோம். 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள் நிறுவனம், 1960களில் உருவான தொழிற்பேட்டை எனப் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்ட ஊர் அது. லேத் பட்டறையில் இருபது ஆண்டுகள் நின்றவருக்கு, எந்த உலோகத்தை எந்த வேகத்தில் கடைய வேண்டும், சூட்டில் அளவு எப்படி மாறும் என்பதெல்லாம் கைவந்த கலை. இன்று அந்த இடத்தில் கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரம் நிற்கிறது. அதற்குக் கட்டளை எழுதுபவருக்கும் அதே உலோக அறிவு தேவை. ஆகவே, நமது தொழிலாளியின் அனுபவம் வீணாகிவிடவில்லை. அவரிடம் இல்லாதது சில மாதப் பயிற்சி மட்டுமே.

அந்தச் சில மாதங்கள்தாம் பெரும் தடை. வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்குச் சென்றால் வீட்டு வாடகையை யார் கொடுப்பது? பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது? இக்கேள்விக்கு விடையில்லாததால், கற்கும் திறனுள்ளவரும் கற்காமலே இருந்துவிடுகிறார்.

கல்வி உதவி என்றால் மாணவர்களுக்கு உரியது என்றே எண்ணிப் பழகிவிட்டோம். நாற்பது வயதுத் தொழிலாளி விண்ணப்பம் நீட்டக் கூச்சப்படுவார். அவருக்கும் அதில் இடமுண்டு என்று நாமே முன்வந்து சொல்ல வேண்டும். பயிற்சிக் காலத்தில் அவரது குடும்பச் செலவில் ஒரு பகுதியை ஏற்பதும் கல்வி உதவியே ஆகும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐ.டி.ஐ. என்றால் மதிப்பெண் குறைந்தவர்கள் சேருமிடம் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். தமிழகத்தின் 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனமாக்க, 2022இல் தமிழக அரசு டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. ரோபோ இயக்கம், மின்வாகனப் பராமரிப்பு போன்றவை இன்று அங்கே பாடங்களாகியுள்ளன. ஏதேனும் ஒரு பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருப்பதைவிட, கருவியைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைக்கு மதிப்பு அதிகம். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கணினித் திரையின் முன் செய்யும் வேலையில் உடல்வலிமை ஒரு பொருட்டன்று.

இயந்திரத்தின் வருகையைத் தடுக்க நம்மால் இயலாது. அது வரும்போது நம்மில் ஒருவரும் தனித்து விடப்படாமல் பார்த்துக்கொள்ள நம்மால் இயலும். அதற்கான முதல் முடிவை இந்த ஆண்டே எடுப்போமாக!