மடிக்கணினி திடீரென்று கடவுச்சொல் கேட்டால் பதற வேண்டாம்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி பற்றியே இந்த மேடையில் நாம் அதிகம் பேசுவோம். இன்று சற்று வேறுபட்ட ஒரு விஷயம். நேற்றுவரை விரல் வைத்ததும் திறந்த லேப்டாப், இன்று காலை "கடவுச்சொல்லைக் கொடு" என்று நின்றுவிடுகிறது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பிள்ளையின் பாடக் குறிப்பு, புராஜெக்ட், ஹால் டிக்கெட், சான்றிதழ்களின் ஸ்கேன், குடும்பப் படங்கள் எல்லாம் உள்ளே. இந்த நிலையில் நம் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்கள் கூடிக்கொண்டே போவதால்தான் இந்தத் தலைப்பு.

2011-ல் தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. ஆக, நம் மஹல்லாவிலும் வீட்டுக்கு ஒரு கணினி என்பது தூரத்தில் இல்லை. சாவியைப் பற்றித் தெரிந்துகொள்ள இதுதான் நேரம்.

முதலில், ஏன் இப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

விண்டோஸ் கணினியை முதன்முதலில் திறக்கும்போது ஒரு மின்னஞ்சல் கேட்கும். அதைக் கொடுத்ததும் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று உருவாகி, அதற்கு ஒரு கடவுச்சொல் வைக்கப்படும். அதன்பின் நான்கைந்து இலக்கத்தில் ஒரு பின் நம்பர், அல்லது விரல்ரேகை. அன்றிலிருந்து பின் நம்பரையே அடிக்கிறோம். அசல் கடவுச்சொல் மறந்துபோகிறது. என்றாவது ஒருநாள் பெரிய அப்டேட் ஒன்று வந்த பிறகோ, பாதுகாப்பு அமைப்பு மாறிய பிறகோ, "பின் நம்பர் இப்போது செல்லாது, கடவுச்சொல் கொடு" என்று கணினி கேட்கிறது. அது புதிதாக யாரும் போட்ட பூட்டு அல்ல. முதல் நாளே நாம் போட்ட பூட்டு. சாவி வைத்த இடம்தான் நினைவில் இல்லை.

இன்னும் சில காரணங்கள் உண்டு. கடைக்காரரே தன் வசதிக்கு ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருப்பார். வீட்டுப் பிள்ளை விளையாட்டாக மாற்றியிருக்கும். பழைய கணினியாக வாங்கியிருந்தால், முந்தைய உரிமையாளர் அல்லது அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் கணக்கு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும்.

எனவே எதையும் செய்வதற்கு முன் ஐந்து நிமிடம் நிதானமாகச் சில விஷயங்களைப் பாருங்கள்.

கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா? எண்கள் தனியாக வலப்பக்கம் உள்ள கணினி என்றால் நம் லாக் அணைந்திருக்கிறதா? கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் கண் போன்ற ஒரு குறி இருக்கும். அதை அழுத்தினால் நாம் அடிப்பது எழுத்தாகத் தெரியும். அப்போது தவறு எங்கே என்பது புரிந்துவிடும்.

அடுத்தது மொழி. இது நம் வீடுகளுக்கே உரிய சிக்கல். சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த கணினிகளில் அரபி விசைப்பலகை சேர்ந்தே இருக்கும். தமிழ் தட்டச்சுக்காகத் தமிழ் 99 சேர்த்தவர்களும் உண்டு. திரையின் வலது கீழ் மூலையில் எந்த மொழி என்று மூன்று எழுத்தில் காட்டும். அது ஆங்கிலத்தில் இல்லையென்றால், சரியான கடவுச்சொல்லையே எத்தனை முறை அடித்தாலும் தவறு என்றுதான் சொல்லும். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

பின் நம்பரைப் பலமுறை தவறாக அடித்தால், ஏ, 1, பி, 2, சி, 3 என்ற எழுத்தையும் எண்ணையும் அடிக்கச் சொல்லி ஒரு வாசகம் வரும். அதைப் பார்த்து வைரஸ் வந்துவிட்டது என்று பயந்தவர்கள் இருக்கிறார்கள். அது வைரஸ் அல்ல. அடிப்பவர் மனிதர்தானா, விசை ஏதும் சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று கணினி சோதிக்கிறது. கேட்டபடி அடித்துவிட்டு, மறுபடி முயலுங்கள். அதற்கு மேலும் கண்மூடித்தனமாக அடித்துக்கொண்டே போகாதீர்கள். பூட்டு இன்னும் இறுகும்.

இதிலும் திறக்கவில்லை என்றால், அது எந்த வகைக் கணக்கு என்று பார்க்க வேண்டும். "பின் நம்பர் மறந்துவிட்டது" என்ற வரியை அழுத்துங்கள். மின்னஞ்சல் முகவரி ஒன்று திரையில் வந்தால் அது மைக்ரோசாஃப்ட் கணக்கு. அந்த முகவரி யாருடையது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறோம். அந்த முகவரி ஜிமெயிலாக இருக்கலாம். ஆனால் கணினி கேட்பது ஜிமெயிலின் கடவுச்சொல் அல்ல. அதே முகவரியில் மைக்ரோசாஃப்டில் தொடங்கிய கணக்கின் கடவுச்சொல். ஒரே வீட்டு விலாசத்தில் வங்கியிலும் கணக்கு இருக்கிறது, தபால் நிலையத்திலும் கணக்கு இருக்கிறது. வங்கிப் பாஸ்புத்தகத்தைத் தபால் நிலையத்தில் நீட்ட முடியுமா?

மறந்திருந்தால், கைபேசியிலிருந்தே மைக்ரோசாஃப்ட் தளத்துக்குச் சென்று, அந்த முகவரியைக் கொடுத்து, "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பதிவு செய்த கைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு குறியீடு வரும். அதைக் கொடுத்துப் புதிய கடவுச்சொல் வையுங்கள். பிறகு முக்கியமான ஒரு படி: பூட்டிய திரையின் ஓரத்திலேயே இணையக் குறி இருக்கிறது. அதை அழுத்திக் கணினியை இணையத்தில் சேர்த்துவிட்டு, அதன்பின் புதிய கடவுச்சொல்லை அடியுங்கள். இணையம் இல்லாவிட்டால், நீங்கள் கைபேசியில் மாற்றியது கணினிக்குத் தெரியாது, பழையதையே கேட்கும். பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து கடைக்கு ஓடுகிறார்கள்.

அண்மையில் பொறியியல் படிக்கும் ஒரு மாணவி தன் தாயாருடன் நம் அலுவலகத்துக்கு வந்தார். மறுநாள் மறுநாள் என்று தள்ளிப்போட முடியாத புராஜெக்ட் உள்ளே. கடையில், "பார்மட் அடித்தால்தான் ஆகும், உள்ளே இருப்பது போய்விடும்" என்று சொல்லியிருந்தார்கள். முகவரியைப் பார்த்தால் அது தம்மாமில் வேலை பார்த்த வாப்பாவுடையது. குறியீடு போவதோ அவருடைய பழைய சவூதி நம்பருக்கு. எக்ஸிட்டில் ஊர் வந்தபோது அந்த சிம் போய்விட்டது. ஆனால் குறியீட்டை மின்னஞ்சலுக்கும் அனுப்பலாம் என்று திரையில் இருந்தது. வாப்பாவின் கைபேசியில் அந்த மின்னஞ்சல் இன்னும் திறந்தே இருந்தது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஒரு கோப்பும் அழியவில்லை.

குறியீடு போகும் வழிகள் எல்லாமே அடைபட்டிருந்தால், கணக்கு மீட்புப் படிவம் ஒன்றை அந்தத் தளத்திலேயே நிரப்பலாம். பழைய கடவுச்சொற்கள் போன்ற விவரங்களைக் கேட்பார்கள். பாதுகாப்பு விவரங்கள் அனைத்தையும் மாற்றினால் 30 நாள் காத்திருக்க வேண்டி வரும். பொறுமை வேண்டும்.

இணையக் கணக்கு இல்லாமல் கணினிக்குள் மட்டுமே இருக்கும் கணக்காக இருந்தால், ஒருமுறை தவறான கடவுச்சொல்லை அடித்ததும் "கடவுச்சொல்லை மாற்று" என்ற வரி கீழே வரும். 2018-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-லும், விண்டோஸ் 11-லும், கணக்கு தொடங்கும்போது மூன்று கேள்விகள் கேட்டிருப்பார்கள். அந்தப் பதில்களைச் சொன்னால் போதும். அதே கணினியில் நிர்வாக உரிமையுள்ள வேறொரு கணக்கு இருந்தால், அதன் வழியாகவும் மாற்றிக்கொள்ளலாம். கல்லூரியோ நிறுவனமோ நிர்வகிக்கும் கணினி என்றால், அங்குள்ள கணினிப் பிரிவிடம் போவதே ஒரே வழி.

இனி, நீலத் திரை. "பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் கொடு" என்று வந்தால் அது வேறு பூட்டு. கடவுச்சொல் வாசல் கதவு என்றால், பிட்லாக்கர் உள்ளே இருக்கும் பெட்டகம். டிஸ்கில் உள்ள எல்லாவற்றையும் குறியாக்கம் செய்து வைத்திருக்கும். அதன் சாவி 48 இலக்க எண். புதிய கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்த உடனே இது தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. நமக்குச் சொல்வதுகூட இல்லை. அந்த எண் பெரும்பாலும் அதே கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைபேசியில் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் பாருங்கள். அந்த எண் எங்குமே இல்லையென்றால் உள்ளே இருப்பதை எந்தக் கடைக்காரராலும் எடுக்க முடியாது. "எடுத்துத் தருகிறேன், பணம் கட்டுங்கள்" என்பவரிடம் கவனமாக இருங்கள்.

குறியாக்கம் இல்லாத பழைய கணினியாக இருந்தால் நிலைமை வேறு. கடவுச்சொல் தெரியாவிட்டாலும், டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளை நகலெடுத்துவிடலாம். ஆகவே கடைக்காரரிடம் "பார்மட் அடியுங்கள்" என்று சொல்லாதீர்கள். "முதலில் டேட்டாவை எடுத்துத் தாருங்கள், பிறகு மற்றதைப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் பல வீடுகளின் படங்களையும் கணக்குகளையும் காப்பாற்றும்.

விண்டோஸ் வருவதற்கு முன்பே, கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்டால் அது பயாஸ் பூட்டு. வாங்கிய ரசீதோடு தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும்.

இப்போது எச்சரிக்கைகள். கூகுளில் தேடி, கண்ணில் பட்ட "ஹெல்ப்லைன்" நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். திரையில் திடீரென்று பெரிய எழுத்தில் போன் நம்பர் வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. குறியீட்டை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930-க்கு அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே சொன்னதெல்லாம் நம்முடைய கணினிக்கு, அல்லது உரிமையாளர் நம்மிடம் ஒப்படைத்த கணினிக்கு. அடுத்தவர் கணினியை அவர் அனுமதி இல்லாமல் திறப்பது 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்துக்கு முன்பே அது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்.

பெரியவர்களே, கடைசியாக ஒரு கனமான விஷயம். குடும்பத் தலைவர் வஃபாத்தாகிவிடுகிறார். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவருடைய லேப்டாப்பில். மய்யித்தின் கடனை அடைத்த பிறகே வாரிசுகள் சொத்தைப் பங்கிட வேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்த மார்க்கச் சட்டம். ஆனால் கடன் எவ்வளவு என்றே தெரியாமல், இத்தாவில் இருக்கும் அந்தச் சகோதரி என்ன செய்வார்? நிறுவனங்களும் இறந்தவரின் கடவுச்சொல்லைக் குடும்பத்தார் கேட்டவுடன் கொடுத்துவிடுவதில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லப்பட்ட சமுதாயம் நாம். எழுதி வைத்ததைப் படிக்கும் வழியையும் சேர்த்து விட்டுச் செல்ல வேண்டாமா?

எனவே இன்று வீட்டுக்குப் போனதும் இவற்றைச் செய்யுங்கள்.

ஒன்று: கணினி எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று பாருங்கள். கடைக்காரருடையது என்றால் உங்களுடையதாக மாற்றுங்கள்.

இரண்டு: அந்தக் கணக்கில் இப்போது உயிரோடு இருக்கும் இந்திய நம்பரையும், இன்னொரு மின்னஞ்சலையும் சேருங்கள். சபரிலிருந்து எக்ஸிட்டில் வருபவர்கள் சிம்மை விடும் முன்பே இதைச் செய்யுங்கள்.

மூன்று: பிட்லாக்கர் எண் இருந்தால் அச்சிட்டு எடுங்கள்.

நான்கு: முகவரி, கடவுச்சொல், அந்த எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, பீரோவில் வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். லேப்டாப்பின் மேல் ஒட்டி வைக்காதீர்கள். அந்த உறை இருப்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஐந்து: முக்கியமான கோப்புகளை மாதம் ஒருமுறை பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ நகலெடுங்கள். நகல் இருப்பவருக்கு எந்தப் பூட்டும் பெரிய முஸீபத் அல்ல.

பழைய கணினி வாங்குபவர்கள், விற்பவர் தன் கணக்கை நீக்கிவிட்டாரா என்று கண்முன் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். ரசீதும் வாங்குங்கள். பழைய கணினிகளை மாணவர்களுக்கென நம் அறக்கட்டளைக்குத் தருபவர்களும் அதேபோல் தங்கள் கணக்கை நீக்கித் தந்தால், பெறுகிற பிள்ளை பிறகு தவிக்காது.

தெரியாததைக் கேட்பதில் வெட்கம் இல்லை. வீட்டிலேயே தீராவிட்டால், கணினியையும் அந்தக் கணக்குக்குரியவரின் கைபேசியையும் எடுத்துக்கொண்டு அலுவலக நேரத்தில் வாருங்கள். கட்டணம் எதுவும் இல்லை. கடவுச்சொல்லை நீங்களே அடியுங்கள். நாம் அருகிலிருந்து வழி மட்டும் சொல்வோம்.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரகத் செய்வானாக. வஸ்ஸலாம்.